அழகுத்தாய் செம்புள்ளி வைத்த பீங்கான்கள்

அழகுத்தாய் மலையேறி வந்தபோது அவளுக்கு வயது பத்தோ பதினொன்றோ. போடியிலிருந்து கழுதைப் பாதை வழியாக இரண்டு நாள் நடை. கோடைமட்டம் எஸ்டேட்டில் அப்போதுதான் காட்டை வெட்டித் தேயிலை வைத்துக்கொண்டிருந்தார்கள். வந்த நாலாம் வருஷம் அப்பன் காய்ச்சலில் போனான், அதற்கடுத்த மழையில் அம்மா போனாள். கூலி ஆட்கள் குடியிருந்த லயத்தில் யார் யார் வீட்டிலோ தின்று வளர்ந்து, இருபது வயதில் சுருளிவேலைக் கட்டிக்கொண்டாள்.

சுருளிவேல் முதலில் சுமை தூக்குகிறவனாக இருந்தான். எஸ்டேட்காரர்கள் ஆற்றில் அணை கட்டி, சக்கரம் சுற்ற வைத்து, தேயிலை பாக்டரிக்குக் கரண்டு இழுக்கத் தொடங்கியபோது, உயரத்துக்குப் பயப்படாத ஆட்கள் வேண்டுமென்று அவனையும் பிச்சைமணி என்கிற இன்னொருவனையும் கம்பி வேலைக்கு எடுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே லயம், அடுத்தடுத்த வீடு. பிச்சைமணியின் பெண்டாட்டி சின்னத்தாயியும் அழகுத்தாயும் ஒரே நிரையில் கொழுந்து எடுப்பார்கள்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அழகுத்தாய் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு விலகி, வயிற்றிலிருந்த மூன்று மாசமும் கலைந்துபோயிற்று. எழுந்து நடக்க நாலு மாசமானது. நடந்தாள், ஆனால் இடது காலை இழுத்து இழுத்துத்தான். சரிவில் ஏற முடியாதவளுக்குத் தேயிலைத் தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது? கங்காணி வீரபாண்டி அதையேதான் கேட்டார்.

சுருளிவேல் ஸ்டோர் கிளார்க் சென்னியப்பனைப் போய்ப் பார்த்தான். சென்னியப்பன் பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டிப் பக்கத்துக்காரர். தென்னந்தோப்பும் வயலும் அண்ணன் தம்பிகள் ஐந்து பேருக்குப் பங்கு போனபின் மிச்சமில்லாமல், படித்த இங்கிலீஷை நம்பி மலைக்கு வந்தவர்.

“ஸ்டோருல உக்காந்து பண்ற சோலி இருந்தாச் சொல்றேன் போ,” என்றார். ஒரு வாரம் கழித்துச் சொல்லியனுப்பினார்.

கப்பலில் வந்த பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை அது. பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் பழுப்பும் வெள்ளையுமாகப் பீங்கான்கள். கவிழ்த்த கிண்ணம் போல அடியில் பாவாடை விரிந்து, தலையில் கம்பி கட்டுவதற்குப் பள்ளம் வெட்டியிருக்கும். கரண்டுக் கம்பி இரும்புப் போஸ்டைத் தொடாமல் இந்தப் பீங்கானின் தலையில்தான் உட்கார்ந்திருக்கும். பீங்கான் நன்றாக இருந்தால் கரண்டு கம்பியோடு போகும். கீறல் இருந்தால் மழைத்தண்ணீர் அதில் இறங்கி, தண்ணீர் வழியாகக் கரண்டு போஸ்டுக்கு இறங்கும்.

இதெல்லாம் அழகுத்தாய்க்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஒரு பீங்கானை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைக்கையில் இரண்டும் இடித்துக்கொண்டன. அவள் வைத்ததை மறுபடி எடுத்து விரல் கணுவால் தட்டினாள்.

“இது ஒடஞ்சதுங்க சாமி.”

சென்னியப்பன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி போலப் பளபளவென்றிருந்தது. “எங்கம்மிணி ஒடஞ்சிருக்குது? கண்ணு நல்லாத் தெரியுதா உனக்கு?”

“கண்ணுக்குத் தெரியலங்க. சத்தம் ஒடஞ்சிருக்கு.”

அந்த நேரம் பார்த்து, கரண்டு வேலைக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரை உள்ளே வந்தார். வயசான மனுஷர், பொறுமைசாலி. விஷயத்தைக் கேட்டு, மேசையிலிருந்த மைக்கூட்டை எடுத்துப் பீங்கான் மேல் கவிழ்த்துத் துணியால் துடைத்தார். மை துடைபட்டுப் போக, பாவாடை ஓரத்தில் தலைமயிர் போல நீலக்கோடு ஒன்று மட்டும் நின்றது. மேல்பூச்சில் மட்டும் ஓடிய விரிசல். கண்ணாலும் விரலாலும் காண முடியாதது.

துரை அவளை அன்று முழுவதும் சோதித்தார். விரிசல் உள்ளதையும் இல்லாததையும் கலந்து வைத்து, அவளைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, தானே தட்டினார். முப்பதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆழமாக வெடித்ததை யாரும் சொல்லிவிடுவார்கள், தோலில் மட்டும் ஓடிய கீறலைக் காதால் சொல்கிற ஆளைத் தன் ஊரிலும் பார்த்ததில்லை என்று துரை சொன்னதாகச் சென்னியப்பன் சொன்னார்.

எப்படிக் கேட்கிறது என்று எத்தனையோ பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல பீங்கானைத் தட்டினால் கிண்ணென்று கிளம்பி, மெலிந்து மெலிந்து, கடைசியில் ஒரு நூலாகி, அந்த நூலும் எங்கே முடிந்ததென்று தெரியாமல் போகும். கீறல் விழுந்ததிலும் முதலில் அதே கிண்தான். நூலாகும்போதுதான் வித்தியாசம். அந்த இடத்தில் யாரோ மணலில் கால் வைத்தது போல ஒரு சரசரப்பு வந்து அறுந்துபோகும். மற்றவர்கள் கிண்ணைக் கேட்டார்கள். அவள் நூலுக்காகக் காத்திருந்தாள். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது.

துரை அவளுக்குக் கொய்யாக் கட்டையில் கடைந்த சின்னச் சுத்தி ஒன்று செய்து கொடுத்தார். தேறிய பீங்கானின் பாவாடைக்கு உள்பக்கம் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். அந்தப் பொட்டு இல்லாத பீங்கானைக் கம்பி ஆட்கள் தொடக் கூடாது. ஒன்பது வருஷம் அவள் அந்த வேலையைப் பார்த்தாள். கோடைமட்டத்துக் கம்பி இறங்கி ஏறிய மூன்று டிவிஷனிலும் அவள் பொட்டு வைக்காத பீங்கான் கிடையாது. பிச்சைமணி போஸ்டுக்குப் போஸ்டு அதைச் சொல்லிக்கொண்டே ஏறுவான்.

“அழகுத்தாயி பொட்டு வச்சிருக்குல்ல? பெறகென்ன. கண்ண மூடிட்டு ஏறலாம்.”

சுருளிவேலுக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் முகம் மலரும். நொண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று பேசிய லயத்தில் அவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது அந்தப் பொட்டால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷத்து ஆடியில் வெள்ளம் வந்தது. மூன்று வாரம் வானம் ஒழுகிற்று. மலை சரிந்து பாதைகள் போயின, பாலங்கள் போயின, ஆற்றோரத்துப் போஸ்டுகள் எழுபதுக்கு மேல் வேரோடு போயின. மழை விட்டதும் காய்ச்சல் வந்தது. லயத்தில் பாதிப்பேர் கம்பளிக்குள் நடுங்கிக் கிடந்தார்கள். புரட்டாசியில் அழகுத்தாயையும் அது பிடித்தது.

மருந்துக்கூடத்து டிரசர் எல்லோருக்கும் கொடுத்த அதே கொயினா வெள்ளைத்தூளை அவளுக்கும் கொடுத்தார். காய்ச்சல் விட்டு விட்டு வந்ததால் அளவைக் கூட்டினார். மூன்று வாரம் அந்தக் கசப்பு அவள் நாக்கை விட்டுப் போகவில்லை. முதல் வாரத்திலேயே காதுக்குள் சில்வண்டு கத்த ஆரம்பித்தது. எல்லோருக்கும் கத்தும், மருந்தை விட்டால் நின்றுவிடும் என்றார் டிரசர். மற்றவர்களுக்கு நின்றது. அவளுக்கும் கொஞ்சம் அடங்கிற்று. ஆட்கள் பேசுவது கேட்டது, ஆற்றுச் சத்தம் கேட்டது, ஆட்களைக் கூட்டப் பெரட்டுக் களத்தில் அடிக்கிற தப்பு கேட்டது. உயிர் பிழைத்தோமென்று ஸ்டோருக்குப் போனாள்.

அங்கே பெட்டிகள் கூரையைத் தொட்டுக் கிடந்தன. பாதை இல்லாததால் போடியிலிருந்து ஆள் தலையிலும் மாட்டு முதுகிலும் வந்தவை. வைக்கோல் நனைந்து மட்கியிருந்தது. இப்படிக் குலுங்கி வந்த சரக்கில் எப்போதும் கழிவு அதிகம் இருக்கும்.

முதல் பீங்கானைத் தட்டினாள். தேறியது. இரண்டாவதும் மூன்றாவதும் தேறின. நாற்பது தட்டிய பின் சுத்தி தானாக நின்றது. நாற்பதில் ஒன்றுகூடக் கழியாமல் இருந்ததே கிடையாது. மெல்ல எழுந்து மூலையில் கிடந்த பழைய கழிவுக் குவியலிலிருந்து, தான் முன்பு ஒதுக்கிய ஒன்றை எடுத்து வந்து தட்டினாள். கிண்ணென்றது. மெலிந்தது. அதற்குமேல் சில்வண்டுதான் இருந்தது. இன்னொன்றைத் தட்டினாள். அதிலும் அப்படியே.

நூல் இல்லை. அந்த இடமே இல்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பின்னால் அவள் தன்னையே ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாள். ஸ்டோர் வேலை போனால் கங்காணி அவளைக் கீழே அனுப்பிவிடுவார் என்ற பயம் இருந்தது உண்மை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி பயமில்லை. அந்தச் சுத்தியைக் கீழே வைத்தால் அவள் வெறும் காலிழுக்கிற பொம்பளை. அதை அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு வாரத்தில் காது திரும்பிவிடும் என்று நம்பினாள். அதுவரைக்கும் துரை செய்தது போல மை ஊற்றிப் பார்க்கலாமென்று கேட்டாள். ஆபீஸ் மை ஆபீசுக்கே போதவில்லை என்றார் சென்னியப்பன். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவிப் பார்த்தாள். வேலை செய்தது. இரண்டு கீறலைக் கண்டும் பிடித்தாள். ஆனால் ஒரு பீங்கானைப் பூசித் துடைப்பதற்குள் இருபதைத் தட்டிவிடலாம். வெளியே கம்பி ஆட்கள் பீங்கானுக்குக் காத்து நின்றார்கள். பழைய துரை ஊருக்குப் போய், புதிதாக வந்த சின்ன வயசுத் துரை மார்கழிக்குள் பாக்டரி ஓட வேண்டுமென்று நின்ற இடத்தில் குதித்தார். மூன்றாம் நாள் சென்னியப்பன் கரிச்சட்டியைப் பார்த்துவிட்டார்.

“ஏனம்மிணி, பீங்கான்ல கரியையும் எண்ணெயையும் பூசி வெச்சா மழைல கரண்டு அதுமேலயே ஓடாதா? இத்தன வருசம் காதுல பாத்தவளுக்கு இப்ப எதுக்குக் கரி?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு அவளுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அவள் கரிச்சட்டியை எடுத்து வெளியே வைத்தாள்.

அதற்குப் பிறகு தட்டினாள். முன்பு போலவே தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, காத்திருந்து, பொட்டு வைத்தாள். ஒன்றுமே கழியாவிட்டால் சென்னியப்பனுக்குச் சந்தேகம் வருமென்று பத்துக்கு ஒன்றை எடுத்து மூலையில் போட்டாள். கைக்கு வந்ததைப் போட்டாள். மூலையில் போனதில் எது நல்லது, பொட்டு வாங்கிப் போனதில் எது கெட்டது என்று அவளுக்கும் தெரியாது, சாமிக்குத்தான் தெரியும். இரண்டு மாசத்தில் அறுநூற்றுச் சொச்சம் பீங்கான்கள் அப்படிப் போயின. சுருளிவேலும் பிச்சைமணியும் அவற்றை ஏற்றிக் கம்பி கட்டினார்கள். பாக்டரி ஓடியது. காது திரும்பவில்லை.

அந்தப் பனிக்காலமும் கோடையும் ஒன்றும் நடக்கவில்லை. மழையில்லாத காலத்தில் கீறல் பீங்கானும் நல்ல பீங்கானும் ஒன்றுதான். ஒன்றும் ஆகாது போலிருக்கிறது என்று அவளும் நினைக்கத் தொடங்கினாள்.

ஆனி மழை இறங்கிய பத்தாம் நாள், காலை எட்டு மணி இருக்கும். கரண்டுக் கம்பி போகிற அதே போஸ்டில், கீழே, எஸ்டேட் டெலிபோன் கம்பியும் போனது. அது அறுந்திருந்தது. டெலிபோன் வேலைக்குக் கரண்டை நிறுத்துகிற வழக்கமில்லை. சுருளிவேல் கீழே ஏணியைப் பிடித்திருந்தான். பிச்சைமணி ஏறினான். ஒரு கை ஈரப் போஸ்டைப் பிடித்திருந்தது, மறு கை டெலிபோன் கம்பியைத் தொட்டது. கத்தவில்லை. ஏணியில் நின்றபடியே விறைத்து, பிறகு மூட்டை போலச் சரிந்தான்.

சுருளிவேல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மைல் ஓடி வந்தான். மருந்துக்கூடத்து வாசலில் இறக்கியபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

மறுநாள் கரண்டை நிறுத்தி அந்தப் போஸ்டின் பீங்கானை இறக்கி, சாக்கில் சுற்றி, சுருளிவேலே ஸ்டோருக்குக் கொண்டுவந்தான். அதன் உடம்பில் கறுப்பாக ஒரு கருகல் கோடு.

“இடி வுழுந்து வெடிச்சிருக்கும்,” என்றான் பெண்டாட்டியிடம். “நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத.” மேசையில் வைத்துவிட்டுப் பிச்சைமணிக்குக் குழி வெட்டப் போனான்.

அழகுத்தாய் பீங்கானைக் கவிழ்த்து உள்ளே பார்த்தாள். அவளுடைய சிவப்புப் பொட்டு இருந்தது. பொட்டிலிருந்து மயிர் போல ஒரு சிவப்புக் கோடு கிளம்பி, விரல் நீளத்துக்கு ஓடி, கருகலில் போய்ச் சேர்ந்தது. அவள் பொட்டு வைத்த அன்றைக்கே சாயம் கீறலில் இறங்கி ஓடியிருக்கிறது. ஈரம் காயுமுன் வைக்கோலில் கவிழ்த்து வைத்ததால் பார்க்கவில்லை. இடி இல்லை. அது ஸ்டோரை விட்டுப் போகும்போதே வெடித்துத்தான் இருந்தது.

சென்னியப்பன் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் விளங்கிவிட்டது. மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துப் பொட்டைத் துடைத்தார். பொட்டு போயிற்று, கீறலுக்குள் இருந்த சிவப்பு போகவில்லை. பிறகு அதைக் கல்தரையில் விட்டு உடைத்தார்.

“உன்ற பொழப்பும் போயிரும், என்ற பொழப்பும் போயிரும். செத்தவன் திரும்பி வரப்போறானா? வாயத் தொறக்காத, சொல்லிப்போட்டேன்,” என்றார்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. பீங்கான் இறக்கும்போது உடைந்துவிட்டது என்று எழுதினார்கள். ரப்பர் கையுறை போடாமல், குடித்துவிட்டு ஏறியதால் வந்த விபத்து என்று முடித்தார்கள். பிச்சைமணி பொட்டுத் தண்ணிகூடக் குடிக்கவில்லை, காலையில் தன்னோடுதான் கஞ்சி குடித்தான் என்று சுருளிவேல் சொன்னான். கூட்டாளிக்குப் பரிந்து பேசுகிறான் என்றார்கள். குடித்துச் செத்தவனின் குடும்பத்துக்கு எஸ்டேட்டில் வீடில்லை. எட்டு நாளில் லயத்தைக் காலி செய்யும்படி சின்னத்தாயிக்கு உத்தரவு வந்தது.

அழகுத்தாய் துரையின் ஆபீசுக்குப் போனாள். துரைக்குத் தமிழ் ஓடாது. சென்னியப்பனைக் கூப்பிட்டு என்னவென்று கேட்கச் சொன்னார். அவள் சென்னியப்பனைப் பார்க்காமல் துரையைப் பார்த்தே சொன்னாள். “தொரகளே, எனக்குக் காய்ச்சலுக்குப் பெறகு காதுல அந்தச் சத்தம் கேக்கல. கேக்காமலே பொட்டு வச்சுட்டேன். பிச்சமணி குடிக்கல. நான் வச்ச பொட்டுதான் அவனக் கொன்னுச்சு. இன்னும் எத்தன கெடக்குதோ. எல்லாத்தையும் எறக்கச் சொல்லுங்க.”

சென்னியப்பன் இங்கிலீஷில் பேசினார். அவள் பேசியதைவிடக் குறைவாகவே பேசினார். துரை தலையை ஆட்டினார், முகத்தில் இரக்கம் வந்தது. ஒரு சீட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, எழுந்து அவள் கையிலேயே கொடுத்தார். “நல்லா தூங்கு,” என்றார் உடைந்த தமிழில்.

அவள் சீட்டை எடுத்துக்கொண்டு எங்கே போவதென்று சென்னியப்பனைக் கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மருந்துக்கூடத்தைக் கை காட்டினார். டிரசர் சீட்டைப் படித்துவிட்டு, அதே கொயினா வெள்ளைத்தூளில் ஆறு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார்.

பொட்டலங்களை ஓடையில் போட்டுவிட்டு நேரே சின்னத்தாயி வீட்டுக்குப் போனாள். சின்னத்தாயி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அழகுத்தாய் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சின்னத்தாயி முடிச்சைப் போட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வா. அங்க வந்து சொல்லு.”

பெரட்டுக் களத்தில் காலைக் கொழுந்து நிறுக்க ஆட்கள் கூடியிருந்த நேரம். இருநூறு பேர் இருந்தார்கள். சின்னத்தாயி அவளை நடுவில் இழுத்து நிறுத்தினாள். அழகுத்தாய் சொன்னாள். குரல் உடையாமல்தான் சொன்னாள். கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒன்பது வருஷம் ஒரு பீங்கானைத் தவற விடாதவள் என்பது அந்த எஸ்டேட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

கங்காணி வீரபாண்டி தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். “காது கேக்கலங்கிறியே, இப்ப நான் பேசுறது கேக்குதா?”

“கேக்குது.”

“பெறகு?”

எங்கோ ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பரவிற்று. பேச்சு கேட்கும், நூல் கேட்காது என்பதை எந்த வார்த்தையில் சொல்வது? காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, கூட்டிக்கொண்டு போ என்று கங்காணி சுருளிவேலிடம் சொன்னார். சுருளிவேல் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

சின்னத்தாயி அன்று மத்தியானமே இறங்கினாள். பாதை திரும்புகிற இடம்வரை அழகுத்தாய் காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

“அவுங்க நம்பல,” என்றாள் சின்னத்தாயி, திரும்பாமலே. “நான் நம்புறேன். பொய்யா இருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். உன்னத் தங்கச்சியா வச்சிருந்தேன்டி.”

வீட்டில் சுருளிவேல் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவளை அடித்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

“எத்தன?” என்றான்.

“தெரியல.”

“எட்டு மாசமா நானுந்தான ஏறினேன். தெனம் காலைல கஞ்சிய ஊத்திக் குடுத்து அனுப்பிச்சியே. எங்கிட்டயாவது சொல்லணும்னு தோணலையா?”

தோன்றியது. ஒவ்வொரு நாளும் தோன்றியது. சொன்னால் அவன் முகத்திலிருந்த அந்த மலர்ச்சி போய்விடுமென்று சொல்லாமல் இருந்தாள். இதை அவனிடம் எப்படிச் சொல்ல முடியும்? அவன் எழுந்து வெளியே போனான்.

ஆடி பிறந்ததும் புதுப் பெட்டிகள் வந்தன. யாரும் நம்பாததால் வேலையும் போகவில்லை. சென்னியப்பன் சுத்தியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் தட்டினாள். முதல் பீங்கானைக் கழிவில் போட்டாள். இரண்டாவதைப் போட்டாள். மாலைக்குள் நாலு பெட்டியும் கழிவு மூலைக்குப் போயின. சாயச் சட்டி திறக்கவேயில்லை.

“என்னம்மிணி பண்றே நீ?”

“எல்லாமே ஒடசல் சாமி.”

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் துரை வந்து பார்த்தார். இந்தத் தடவை சென்னியப்பன் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். அவள் உட்கார்ந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்கவுமில்லை. பெட்டிகள் நேரே போஸ்டுக்குப் போக ஆரம்பித்தன.

சுருளிவேல் கூட வரவில்லை. அவளுடைய சேலைகளையும் ஒரு பானையையும் கட்டிக் கொடுத்தான். “நான் இங்கதான் இருக்கணும்,” என்றான். ஏனென்று அவள் கேட்கவில்லை.

வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய்க் கிடங்கில் பொறுக்குகிற வேலை கிடைத்தது. வெடித்த காய், நிறம் மங்கிய காய், முழுக்காய் என்று பிரிக்கிற வேலை. கண்ணுக்குத்தான் வேலை, காதுக்கு இல்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. வருஷம் போகப் போகச் சில்வண்டு வளர்ந்து, ஆட்கள் பேச்சையும் தின்ன ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கும் செபமாலையம்மாள் எதையாவது சொல்ல வேண்டுமானால் அவள் தொடையைத் தட்டி, முகத்துக்கு நேராக வந்து கத்துவாள். அவளும் எப்போதாவதுதான் கத்துவாள்.

ஒவ்வொரு ஆனியிலும் அழகுத்தாய்க்குச் சோறு இறங்காது. மழை பெய்கிற நாளெல்லாம் மேலே எந்தப் போஸ்டில் எவன் ஏறுகிறானோ என்று உட்கார்ந்திருப்பாள். கோடைமட்டத்திலிருந்து வருகிற சுமைக்காரர்களின் வாயைப் பார்த்துப் பார்த்து, அதில் சுருளிவேல் பெயர் வராமலிருந்தால் அன்றைக்கு ஒரு வாய் தின்பாள்.

ஐந்து வருஷம் கழித்து, தை மாசத்தில், கோடைமட்டத்துச் சுமைக்காரன் ஒருவன் கிடங்குக்குத் தேடி வந்தான். அவள் காதோடு வாயை வைத்துக் கத்தினான்.

“சுருளிவேலு சொல்லச் சொன்னாரு. முடிஞ்சிருச்சாம். பதினேழாம்.”

அவளுக்கு விளங்கவில்லை. அவன் விவரமாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் கரண்டை நிறுத்துகிற சில மணி நேரத்தில், யாருக்கும் தெரியாமல், சுருளிவேல் ஒவ்வொரு போஸ்டாக ஏறி, வெள்ளத்துக்குப் பிறகு மாட்டிய சிவப்புப் பொட்டுப் பீங்கான்களை இறக்கி, மை தடவித் துடைத்துப் பார்த்திருக்கிறான். நல்லதைத் திரும்ப மாட்டினான். கெட்டதற்குப் பதில் புதிது வைத்தான், அதையும் மை பூசிப் பார்த்துத்தான் வைத்தான். ஐந்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். அறுநூற்றுச் சொச்சம் பீங்கானில் பதினேழு. பிச்சைமணியுடையது அதில் சேர்த்தியில்லை.

“வேற ஏதும் சொன்னாரா?” என்று கேட்டாள். தன் குரல் எவ்வளவு சத்தமாக வந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை. கிடங்கில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

பங்குனியில் அழகுத்தாய் கிளம்பினாள். நல்ல காலுள்ளவர்களுக்கு இரண்டு நாள் நடை, அவளுக்கு நாலு நாளானது. லயத்தில் அவர்கள் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. சுருளிவேல் மேல் டிவிஷனுக்கு மாறிவிட்டதாகக் கை காட்டினார்கள். கம்பியைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் நடந்தாள். மூன்றாவது வளைவில், தேயிலைச் சரிவுக்கு மேலே, ஒரு போஸ்டின் உச்சியில் ஆள் தெரிந்தது. தலை நரைத்திருந்தது. காலைப் பின்னிக்கொண்டு உட்காருகிற விதத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ரோட்டோரத்தில் நின்றாள். கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் கீழே பார்த்தான். கை நின்றது. பார்த்தபடியே இருந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

அவள் காத்திருந்தாள். வேலை முடிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கம்பியைக் கட்டி முடித்து, குறட்டை இடுப்பில் செருகிவிட்டான். ஆனாலும் இறங்கவில்லை. போஸ்டைக் கட்டிக்கொண்டு, எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயில் சரிந்தது. பள்ளத்திலிருந்து பனி கிளம்பித் தேயிலைச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக மூடிக்கொண்டு மேலேறியது. இரும்பில் ஈரம் பிடிக்கும் நேரம். அந்த வயசில், அந்த உயரத்தில், விறைத்த கையோடு இன்னும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பான்?

தான் நிற்கிறவரை அவன் இறங்க மாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வந்த வழியே, அவனுக்கு நன்றாகத் தெரியும்படி ரோட்டின் நடுவில் நடந்தாள். வளைவு தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.